என் வகுப்பில் இல்லாத பிள்ளை

மக்கா,

நேற்று சாயங்காலம் போனில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். ஒன்று, நீ புதிதாகத் தொடங்கியிருக்கும் வலைப்பூவில் ‘வாசிக்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் போடப் போகிறாய். ஆங்கில ஆசிரியர்கள் எழுதுகிற நல்ல வலைப்பூக்கள் எனக்குத் தெரிந்தவை எவை என்று. இன்னொன்று, சுமியின் போன் நம்பர். “அம்மா, அந்தப் பிள்ளைக்க நம்பர் உண்டா? ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவள வரச் சொல்லணும்னு ஹெச்.எம். கேக்காரு” என்றாய். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதத்தில் உன் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்கவில்லை. “தேடிப் பாக்கேன் மக்கா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தேடுவதற்கு ஒன்றும் கிடையாது. சுமியின் நம்பர் என்னிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சுமி என் வகுப்பில் படித்த பிள்ளையே இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்று தொண்டை கிழியப் பேசியவள்தான், ஆனால் இதற்கு வாய் வரவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன்.  “இத்தன வருஷமா எனக்கிட்டயும் சொல்லல்லியேட்டி நீ” என்றார். எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். “அவனுக்கு எழுதிப்போடு. நான் சொன்னா செரியா வராது” என்று மட்டும் சொன்னார். போட்டுவைத்த சாயாவைக் குடிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதை நீ உன் வலைப்பூவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன் பதிவைப் பகிர்ந்த டீச்சர்மார் எல்லோரும் வாசிக்கட்டும்.

நீ எழுதிய முதல் பதிவை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். பாறசாலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உன் அம்மா ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். சுமி என்று ஒரு பிள்ளை, இரண்டு வருஷமாக ஆங்கிலப் பீரியடில் வாயே திறந்ததில்லை. ஒரு நாள் பெருமழை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. பாடம் நடத்த வழியில்லாமல், எல்லோரும் சத்தமாக வாசியுங்கள் என்று டீச்சர் சொல்கிறாள். பார்த்தால் சுமியின் உதடு அசைகிறது. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டால், அந்தப் பிள்ளை ஒரு தப்பும் இல்லாமல் ஒரு பாரா முழுதும் வாசித்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று மழை விட்டது. பாதி வரியில் அவளும் நிறுத்திவிட்டாள். ‘இரண்டு வருஷமாக எல்லோரும் கேட்கும்போது வாசி என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது’ என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சுமி இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாள் முழுதும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். இதைக் கேட்டதால்தான் நான் ஆங்கில ஆசிரியன் ஆனேன் என்று முடித்திருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை நீயும் எங்கள் பள்ளியில்தானே படித்தாய்? அங்கே தகரக் கூரை எங்கே இருந்தது? முழுதும் கான்கிரீட் கட்டடம். மழை பெய்தால் ஜன்னலோர பெஞ்சு நனையும், அவ்வளவுதான். உனக்கு ஒரு நாளும் அந்தச் சந்தேகம் வரவில்லை, சொன்னது அம்மா என்பதால்.

நடந்ததைச் சொல்கிறேன். டீச்சிங் மானுவல் பற்றி இப்போது உனக்கே தெரிந்திருக்கும். அடுத்த வாரம் என்ன நடத்தப் போகிறோம் என்று எழுதி, திங்கட்கிழமை காலையில் ஹெச்.எம். மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. வகுப்பு முடிந்த பிறகு, எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்தப் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று எழுத வேண்டிய இடம். நாங்கள் அதையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுவோம். ஆராதனை முடிந்து வந்து, மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, இன்னும் நடக்காத வகுப்பு எப்படி நடந்தது என்று எழுதுவேன். ‘பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கெடுத்தனர்’ என்பதுதான் எல்லா வாரமும். நான் மட்டுமில்லை, ஸ்டாஃப் ரூமில் எல்லோருமே அப்படித்தான். யாரும் அதைப் பொய் என்றே நினைத்ததில்லை. அப்போது புதிதாக ஒரு ஹெச்.எம். வந்தார். என் மானுவலைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சரே, எல்லா ஆழ்ச்சயும் ஒரே வாசகமாணல்லோ?” என்றார். ஒவ்வொரு வாரமும் ஒரே வாசகமா என்று கேட்கிறார். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்த வாரம்தான் முதன்முதலாகப் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து தேடினேன். ஆங்கில ஆசிரியர்களின் வலைப்பூ என்று தேடினால் கொட்டுகிறது. முக்கால்வாசி வினாத்தாளும் விடையும். எழுதி முடித்த மானுவல், அப்படியே பிரிண்ட் எடுத்துப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளலாம். எதைத் தொட்டாலும் வேறு ஏதோ விளம்பரம் திறக்கும். மிச்சம் இருப்பதில் பாதி உபதேசம்: நல்ல ஆசிரியர் பூ மாதிரி, விளக்கு மாதிரி என்று. அந்தப் பக்கங்களில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு பிள்ளைகூட இல்லை. பெஞ்சு, கரும்பலகை எல்லாம் உண்டு. ‘மிஸ், இது எதுக்கு?’ என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நீ பட்டியல் போடும்போது முதலில் இதைப் பார். ஒரு பிள்ளை ஏதாவது சொல்லியிருக்கிறதா, அதை டீச்சர் அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போ. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்து மயங்காதே, என் பேத்தலுக்கும் நாற்பது பேர் கை தட்டியிருக்கிறார்கள், அதற்கு வருகிறேன்.

நல்லது கிடைத்தது தேடலில் இல்லை. ரிட்டையரான ஒரு டீச்சர், எந்த ஊரோ தெரியாது, எப்போதாவது எழுதுவார். அவர் பக்கத்தின் ஓரத்தில் ‘நான் வாசிப்பவை’ என்று மூன்றே மூன்று பெயர் போட்டிருந்தார். நல்லவர்கள் இன்னொரு நல்லவரைத்தான் காட்டுவார்கள், இதில் நான் அனேகமாக ஏமாந்ததில்லை. அந்த மூன்றில் ஒன்றின் பெயர் ‘ஏழு பி’. மலையோரத்தில், தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. எழுதுகிற டீச்சர் தன் பெயரைப் போடவில்லை, ஊரையும் போடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எளிமையான ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அந்த வாரம் வகுப்பில் எது கெட்டுப்போனது என்பதுதான் எப்போதும் விஷயம். ஒரு கவிதையை ஆசையாக நடத்தி, மணி அடித்ததும் ஒரு பையன் ‘முடிஞ்சுதா டீச்சர்?’ என்று நிம்மதியாகக் கேட்டது. திருத்திய நோட்டைத் திரும்ப வாங்கிய பிள்ளை சிவப்பு மையை மட்டும் எண்ணியது. ஆறு மாதம் கழித்து, ‘அன்றைக்கு நான் எழுதியது தப்பு, அந்தப் பையனுக்குக் கவிதை பிடிக்காமல் இல்லை, பலகையில் எழுதியது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை’ என்று தன்னையே திருத்தி எழுதியிருந்தார். யாராவது புதிய ஆசிரியர் பின்னூட்டத்தில் சந்தேகம் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார். தெரியாது என்றால் தெரியாது என்பார். நான் இருந்த இருப்பில் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். என் வேலையில் எனக்கு வெட்கமும் ஆசையும் ஒன்றாக வந்தது அப்போதுதான். அந்த இரண்டையும் வைத்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த நாள் என் வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்துக் காப்பியடித்தேன்.

சுமியின் கதை அப்படித்தான் என் மானுவலின் கடைசிக் கட்டத்துக்குள் வந்தது. ஒரு வரி மாற்றவில்லை, தகரக் கூரையைக்கூட மாற்றவில்லை. சுமி என்பது அந்தப் பிள்ளையின் நிஜப் பெயர்கூட இல்லை. பிள்ளைகளின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன் என்று அந்த டீச்சர் எங்கோ சொல்லியிருந்தார். அந்தப் பொய்ப்பெயரையும் விடாமல் எடுத்துக்கொண்டேன். ஹெச்.எம். கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. நெய்யாற்றின்கரையில் நடந்த சனிக்கிழமைப் பயிற்சிக் கூட்டத்துக்கு அந்த மானுவலைக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே எழுந்து நின்று வாசித்தேன். நாற்பது ஆசிரியர்கள். முன்வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்தார். பயிற்சி கொடுக்க வந்தவர், “டீச்சரே, அசலாயி” என்று பாராட்டி, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்தப் பிள்ளை உண்மையாகவே என் வகுப்பில் இருந்தது போல எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது.

அந்த வருஷம்தான், இப்போது பன்னிரண்டு வருஷம் ஆகிறது, நீ ப்ளஸ் ஒன் சேர்ந்தாய். வகுப்பில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள் என்று மூன்று நாள் பள்ளிக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தாய். அப்பா திட்டினார், நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுமியைச் சொன்னேன். நீ மெல்ல எழுந்து உட்கார்ந்தாய். “பெறவு அந்தப் பிள்ள என்ன ஆச்சும்மா?” என்று கேட்டாய். எனக்கு உண்மை தெரியும். மழை நாளுக்குப் பிறகு நாலு மாதத்தில் ‘ஏழு பி’யில் அதுவும் வந்திருந்தது. தோட்டத்தில் வேலை இல்லாமல் சுமியின் வீட்டார் மலையிறங்கிப் போனார்கள். டி.சி. வாங்க வந்த அன்றைக்கும் அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அவள் குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், இனி யார் கேட்பார்களோ என்று டீச்சர் எழுதியிருந்தார். அதையா உன்னிடம் சொல்ல? “படிச்சு நர்ஸ் ஆயிட்டா மக்கா” என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் நீ பள்ளிக்குப் போனாய். அதனால்தான் இத்தனை வருஷம் என் வாய் அடைத்துக் கிடந்தது. பொய் சொல்லி உனக்குக் கெட்டது நடந்திருந்தால் என்றைக்கோ சொல்லி அழுதிருப்பேன், நல்லது நடந்தது.

அந்த போட்டோ குழு குழுவாகப் போய் கடைசியில் மலையோரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ‘ஏழு பி’யைத் திறந்தால் என் கையெழுத்து. அந்த டீச்சர் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். தெற்கே யாரோ ஒரு டீச்சரின் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை, அவளும் அதே வார்த்தையில் நிறுத்தியிருக்கிறாள் என்று எழுதியிருந்தார். கீழே இன்னும் இரண்டே வரி. இதையெல்லாம் நான் எழுதுவது என் பிள்ளைகளை ஒழுங்காகப் பார்ப்பதற்காக. பார்க்காமல் இருப்பதற்கு இது இன்னொருவருக்கு உதவுகிறது என்றால் இங்கே எழுதி என்ன பிரயோஜனம் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு வரவில்லை. அதற்கடுத்த வாரம் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை. வேலை போய்விடுமோ என்று அப்போது பயம். ரிட்டையரான பிறகு என்ன பயம்? பிறகு இருந்தது வெறும் வெட்கம், அதுவும் மெயிலை அனுப்ப விடவில்லை. இப்போது அந்த முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. ஆக, உன் பட்டியலுக்கு மனதாரச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே ஒரு வலைப்பூ, அதுவும் இன்று இல்லை. காரணம் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது ஊரில் யாருக்கும் தெரியாது. போன மாதம் பாறசாலையில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். சேலை மடித்துக்கொண்டிருந்த பெண், “டீச்சர், என்னத் தெரியுதா? பூவார்லருந்து வருவேன், ஜன்னல் பக்கம் மூணாவது பெஞ்சு” என்றாள். முகம் லேசாக நினைவு வந்தது. நான் சுமியைக் காப்பியடித்த அதே வருஷம், எந்த வகுப்பின் மானுவலில் எழுதினேனோ அதே எட்டாம் வகுப்பு. முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள், தலை குனிந்தபடி இருப்பாள். பாவம், பயந்த பிள்ளை, எதற்குத் தொந்தரவு என்று நான் விட்டுவிட்டேன். அவள் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மகளைப் பள்ளியில் சேர்க்கிற விண்ணப்பம், முழுதும் ஆங்கிலம். “எழுத்துக் கூட்டத் தெரியும் டீச்சர். என்ன கேக்கான்னுதான் மனசிலாவல்ல. ஒண்ணு நிரப்பித் தருவீங்களா?” என்றாள். நான் கவுண்டரில் வைத்து எழுதினேன். எழுதும்போது அவள் சொல்கிறாள்: “டீச்சர்னா எனக்கு அப்பவே இஷ்டமாக்கும். மத்தவங்க எல்லாம் எழுப்பி நிறுத்தி நாணம் கெடுத்துவாங்க. நீங்க மட்டும் ஒரு நாள்கூட என்ன வாசிக்கச் சொன்னதில்ல.” நன்றியாகத்தான் சொன்னாள், கேட்டியா. அம்மாவின் பெயர் என்ற இடம் வந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வருஷம் தினமும் அட்டெண்டன்ஸில் கூப்பிட்ட பெயர், எனக்கு வரவில்லை. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே சொன்னாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று அப்பாவிடம் சொன்னேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ஆனால் என் பொய்யில் கிளம்பினவன் என்பதற்காக நீ பொய்யாகிவிட மாட்டாய், அதை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. உன் ஹெச்.எம்.மிடம் சுமி வரமாட்டாள் என்று சொல், ஏன் என்றும் சொல். பட்டியலை இப்போதைக்குக் காலியாக விட்டால் குறைந்துபோக மாட்டாய். வாரத்துக்கு ஒரு தடவை உன் வகுப்பில் கெட்டுப்போனதை எழுது. எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த வாரம் நீ சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். வாய் திறக்காத பிள்ளை உன் வகுப்பிலும் கட்டாயம் உண்டு. கதைக்காகத் தேடாதே. பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்.

இன்று காலையில் உன் பதிவுக்குக் கீழே என் பெயரைப் போட்டு, இதெல்லாவற்றையும் சுருக்கிப் பதினொரு வரியில் ஒரு பின்னூட்டம் எழுதினேன். ‘ஏழு பி’ எழுதிய டீச்சர் எங்கேயாவது இருந்து உன் பதிவைப் பார்ப்பார் என்று ஒரு நப்பாசை. அனுப்பு என்று அழுத்தினேன். வலைப்பூ உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. உரிமையாளர் நீதான். நீ பார்த்து அழுத்தினால்தான் அது வெளியே வரும், இல்லையென்றால் நம் மூன்று பேரோடு போய்விடும். மதியம் வரை நாலு தடவை திறந்து பார்த்தேன், இன்னும் வரவில்லை. அம்மாவை ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், யோசிக்காதே.

அழுத்து மக்கா.

அம்மா